சம்பங்கி டீச்சரின் சிவப்புச் சுழிகள்

சம்பங்கி டீச்சருக்குக் கனவு பட்டப்பகலில்தான் வரும். ராத்திரி படுத்தால் கட்டை மாதிரி தூங்கிவிடுவாள். காலையில் சாக்குக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் தேதி எழுதத் தொடங்கினாளோ இல்லையோ, கண் ஜன்னலைத் தாண்டிப் போய்விடும். பிள்ளைகள் பொல்லாதவர்கள். டீச்சர் 'போய்விட்டாள்' என்று தெரிந்தால் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள். சத்தம் போட்டால் திரும்பி வந்துவிடுவாளே!

குற்றம் அவளுடையதில்லை, சாமல்பட்டி ரயில் ஸ்டேஷனுடையது. அப்பா அங்கே தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். சின்ன வயதில் ஸ்டேஷன் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ரயில் நகரும்போது ஜன்னல் ஜன்னலாகக் கடந்து போகும். ஜன்னலுக்கு ஒரு முகம். அது எங்கே ஏறியது, எங்கே இறங்கும், மடியில் இருக்கிற மூட்டையில் என்ன இருக்கிறது? அடுத்த ரயில் வரும்வரை யோசிக்க இதெல்லாம் போதும். நடுவில் ஒரு காலி ஜன்னல் வந்துவிட்டால் மட்டும் அன்றைக்குச் சோறு இறங்காது. அங்கே உட்கார வேண்டியவர் எங்கே போனார் என்று கேட்டு அப்பாவின் உயிரை எடுப்பாள்.

டிரெயினிங் முடித்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில் அவளுக்கு வேலை கிடைத்த இடம் கரட்டுக்கொட்டாய். சாமல்பட்டியிலிருந்து காட்டாற்றைத் தாண்டி நடக்கிற தூரம். ஊருக்கே ஒரு தெரு. தெரு முனையில் ஜில்லா போர்டுப் பள்ளிக்கூடம். ஒரே அறை, ஒரே டீச்சர். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை எல்லாரும் அந்த ஓட்டுக் கூரைக்குக் கீழேதான். பள்ளிக்கூடத்தின் முதுகை ஒட்டினாற்போல் ஒரு கரடு, அதாவது பாறையும் புதருமாக ஒரு குட்டி மலை. மேலே மாடு கத்தினால் கீழே பிள்ளைகளுக்குக் கணக்குத் தப்பும். அவ்வளவு கிட்டம்.

வந்த முதல் வாரமே ஒரு தப்புச் செய்தாள். வருகையைக் குறிக்கிற ஆஜர்ப்பட்டியில் பெயர்களை வகுப்புவாரியாகத்தான் எழுத வேண்டும். இவளோ தெருவின் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடுவரை நடந்து, "புள்ளைங்கள அனுப்புங்க" என்று கேட்டு, அந்தந்த வாசலில் நின்றபடியே பெயரை எழுதிக்கொண்டு வந்துவிட்டாள். மூன்றாம் வகுப்புக்குக் கீழே ஒன்றாம் வகுப்பு, அதற்கும் கீழே ஐந்தாம் வகுப்பு. தெரு அப்படியே பட்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. வந்தவர்களுக்கு நீல மையில் கோடு போட்டாள். வராதவர்களுக்குச் சிவப்பு மையில் சுழி.

டெபுடி இன்ஸ்பெக்டர் நசருல்லா சாகிப் கிருஷ்ணகிரிக்காரர். கறார்ப் பேர்வழி. சில மாதம் கழித்து மேற்பார்வைக்கு வந்தவர் பட்டியைத் திறந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"என்னம்மா இது? ஆஜர்ப்பட்டியா, ஊர் மேப்பா?"

"தெரு வரிசையில வந்துடுச்சுங்க சார்."

"வகுப்பு வகுப்பா பிரிச்சு எழுதி வையுங்க." பிறகு கடைசி வரிசையில் விரலை வைத்தார். "இந்தப் பொண்ணு யாரு, வெங்கடம்மாள்? மூணாம் வகுப்புல இது ரெண்டாவது வருஷம். பாதிக்குப் பாதி சுழியா இருக்கே! இப்படியே போனா இந்த வருஷமும் மேல போட முடியாது. தெரியுமில்ல?"

தெரியும். மேலே போடாவிட்டால் என்ன ஆகும் என்பதும் டீச்சருக்குத் தெரியும். வெங்கடம்மாளின் வீடு தெருவின் கடைசி வீடு. அப்பன் இல்லை. அம்மா வெள்ளையம்மா கூலிக்குப் போகிறவள். வெள்ளையம்மாவின் அண்ணன் மைசூருக்கு அந்தப் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறான். ஒவ்வொரு சித்திரையிலும் வந்து, தோட்ட வேலைக்குச் சின்னதும் பெரியதுமாகச் சில பேரைக் கூட்டிக்கொண்டு போவான். வெள்ளையம்மா சம்பங்கியிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தாள்: "இந்த வருசமும் ஏறலன்னா எங்கண்ணங்கூட அனுப்பிடுவன் டீச்சரம்மா. எத்தன நாளைக்கி அதே வகுப்புல குந்திகினு இருப்பா?"

போன பிள்ளைகள் யாரும் திரும்பிப் பள்ளிக்கூடத்துக்கு வந்ததில்லை. ஆனாலும் வெங்கடம்மாளின் மேல் டீச்சருக்குக் கோபம்தான் வந்தது. ஒரு வாரம் ஒழுங்காக வருவாள், மறு வாரம் ஆளே இருக்காது. ஏன் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு கால் கட்டைவிரலால் தரையைக் கிளறுவாள். மட்டம் போடுகிறாள், மக்கு வேறு. சம்பங்கி இப்படி முடிவுகட்டி வைத்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாமல்பட்டி பிளாட்பாரத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, சாகிப் சொன்னபடி பெயர்களைப் பிரித்து எழுதத் தொடங்கினாள். நல்லவேளை, கனவு வந்தது. ஒரு கூட்ஸ் வண்டி தடதடவென்று போனது. போய் முடிகிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கண்ணைப் பட்டியில் இறக்கினாள். கட்டங்களும் நகர்ந்தன. திங்கட்கிழமை முதல் வீட்டில் சிவப்புச் சுழி. செவ்வாய்க்கிழமை அதற்கு அடுத்த வீட்டில். புதன் இன்னும் ஒரு வீடு தள்ளி. சுழிகள் இப்படியே வீடு வீடாகக் கீழே இறங்கி, தெருக்கோடிவரை போய், மறுபடியும் முதல் வீட்டில் ஏறின. யாரோ ஒருத்தர் தெருவில் வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. அடேயப்பா, யார் அது?

மறுநாள் பிள்ளைகளிடம் கேட்டாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

"அது மாட்டு முறைங்க டீச்சர்! இதுகூட தெரியாதா?"

தெருவில் இருக்கிற மாடெல்லாம் ஒரே மந்தையாகக் கரட்டுக்கு மேயப் போகும். நாளுக்கு ஒரு வீட்டுப் பிள்ளை மேய்க்க வேண்டும். மாடு அதிகம் இருந்தால் முறை நாளும் அதிகம். விடியற்காலையில் மந்தை ஏறிவிடும். டீச்சரோ வெயில் வந்த பிறகு சாமல்பட்டியிலிருந்து வருகிறவள். அவள் கண்ணில் எப்படிப் படும்?

பட்டியைத் திருப்பி வைத்துக்கொண்டு பார்த்தாள். சுழி இறங்கி இறங்கி ராமப்பன் வீட்டுக்கு வந்தது. ஊரில் பெரிய பண்ணை அது. மாடு நிறைய, முறை ஒரு வாரத்துக்குக் குறையாது. ஆனால் ராமப்பன் மகனுக்குச் சுழியே இல்லை. அந்த வாரம் முழுக்கச் சுழி தாவிக் குதித்துப்போய்க் கடைசி வீட்டில் விழுந்திருந்தது. பக்கத்திலிருந்த இன்னும் சில பெரிய வீடுகளுக்கும் இதே கதைதான். எல்லாம் போய் விழுந்தது வெங்கடம்மாளின் வரிசையில். அந்த வீட்டில் ஒரு கன்றுக்குட்டிகூடக் கிடையாது!

மாதாந்தரப் பரீட்சைத் தாள்களை எடுத்துப் பட்டியின் பக்கத்தில் வைத்தாள். பெருக்கல் நடத்திய வாரம் வெங்கடம்மாள் வந்திருந்தாள், பெருக்கலில் ஒரு பிழை இல்லை. வகுத்தல் நடத்திய வாரம் முழுக்கச் சுழி, வகுத்தலில் முட்டை. இருந்த பாடத்தில் ஊருக்கே முதல், இல்லாத பாடத்தில் ஒன்றும் கிடையாது. மக்குப் பிள்ளை இப்படியா எழுதும்? 'இத்தனை நாளாய் இந்தப் பிள்ளையைக் கரித்துக் கொட்டினேனே, பாவி' என்று சம்பங்கி தன்னையே திட்டிக்கொண்டாள்.

கோபம் இப்போது ராமப்பன் பக்கம் திரும்பியது. பட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே அவருடைய களத்துக்குப் போய் நின்றாள். அவர் வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், டீச்சரிடம் தமிழ். எந்தப் பாஷையிலும் அவருக்குக் குரல் உயராது.

"நாங்க யாரையும் ஏமாத்தலிங்க டீச்சரம்மா. நாளுக்கு ஒரு படி கேவுரு அளந்துடறம். வெள்ளையம்மாவேதான் வந்து கேட்டுது."

"உங்க பையன் படிக்கறதுக்கு அந்தப் பொண்ணு படிப்பைக் குடுக்கணுமா? இதப் பாருங்க, உங்க வீட்டு முறை எங்க போய் விழுந்திருக்குது!"

கட்டங்களைப் பார்த்த மனுஷனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "செரிங்க. எங்க பையனே போவட்டும்" என்றார். மற்ற பெரிய வீட்டுக்காரர்களும் அதேபோல் தங்கள் பிள்ளைகளை அனுப்பத் தொடங்கினார்கள்.

டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை. வெங்கடம்மாள் தினமும் வந்தாள். அவள் வரிசை முழுக்க நீலக் கோடு. சும்மா இருக்கும்போதெல்லாம் பட்டியைத் திறந்து அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள் சம்பங்கி, காலி ஜன்னலே இல்லாத ரயிலைப் பார்க்கிற மாதிரி. பட்டியைப் பார்த்த நேரத்தில் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்கலாம். அதைச் செய்யவில்லை.

அடுத்த மாதப் பரீட்சையில் வெங்கடம்மாள் வகுத்தலிலும் முட்டை, பெருக்கலிலும் முட்டை. தெரிந்ததும் போய்விட்டது. மத்தியானம் ஆவதற்குள் தலை சிலேட்டின் மேல் சாய்ந்தது. "ராத்திரியெல்லாம் தூங்காம என்ன பண்ற?" என்று டீச்சர் அதட்டினாள். பிள்ளை வழக்கம்போலக் கட்டைவிரலால் தரையைக் கிளறியது.

மறுநாள் வெள்ளையம்மா களைவெட்டியும் கையுமாக வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"எம் பொண்ணு வரலன்னு செவப்பா சுழிச்சீங்களே டீச்சரம்மா, அந்த நாளெல்லாம் எங்க வூட்ல களி கிண்டனம். இப்ப சுழியும் இல்ல, களியும் இல்ல. வெறும் வயித்தோட வந்து குந்திகினு இருக்கறா. இது உங்களுக்கு நல்லா இருக்குதா?"

சம்பங்கி சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"எங்கண்ணன் வரட்டும். அங்கயாச்சும் சோறு போடறாங்களாம்" என்று சொல்லிவிட்டு வெள்ளையம்மா போய்விட்டாள். டீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போய், கரட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நல்லது செய்கிறோம் என்று நினைத்துக் குழந்தையின் வாயில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று அழுதாள்.

அழுது முடித்ததும் மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு மறுபடி ராமப்பன் களத்துக்கே போனாள். முறையைப் பழையபடி வெங்கடம்மாளுக்கே கொடுக்க வேண்டும் என்றாள்.

"ஒரு பேச்சா சொல்லுங்க டீச்சரம்மா" என்று ராமப்பன் சிரித்துவிட்டார். "அன்னிக்கி வேணாம்னு சண்டைக்கி வந்தீங்க. இன்னிக்கி வேணும்னு வர்றீங்க."

"அன்னிக்கிப் பட்டியைப் பார்த்துச் சொன்னேன். இன்னிக்கிப் பிள்ளையைப் பார்த்துச் சொல்றேன்."

ராமப்பன் அன்றைக்கே வெள்ளையம்மா வீட்டுக்குக் கேழ்வரகு அளந்து அனுப்பினார்.

களி வந்துவிட்டது. படிப்பு? ராமப்பன் முறை வாரம் தொடங்கியது, கடைசி வரிசையில் சுழி விழுந்தது. மத்தியானம் வகுத்தல் நடத்திக்கொண்டிருந்தாள். கரட்டின் மேல் ஒரு மாடு கத்தியது. டீச்சரின் கண் ஜன்னலுக்குப் போனது. 'போய்ட்டாங்கடா' என்று பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். இந்தத் தடவை டீச்சர் வெறுங்கையோடு திரும்பி வரவில்லை.

"எல்லாரும் சிலேட்ட எடுத்துக்கங்க" என்றாள். "மேல போலாம்."

மத்தியான வெயிலில் மாடுகள் மேயாது. பாறைச் சுனையைச் சுற்றிப் புங்கமர நிழலில் படுத்து அசைபோடும். காற்று மட்டும் மெதுவாக வந்து போகும். அங்கே மாடுகளுக்கு முன்னால் வெங்கடம்மாள் ஒரு வெள்ளைக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். முதுகு இவர்கள் பக்கம். பின்னலைத் துணிக்கிழிசலால் கட்டியிருந்தாள்.

"கெம்பி! உள்ளேன் டீச்சர். எர்ரி! உள்ளேன் டீச்சர். கரியன்... கரியன் எங்க? பொதருக்குள்ள பூந்துகினியா? உனுக்கு சுழி!"

பாறையில் வரிசை வரிசையாகக் கோடும் சுழியும். கன்னடப் பேர் வைத்த மாடு, தெலுங்குப் பேர் வைத்த மாடு, தமிழ்ப் பேர் வைத்த மாடு, எல்லாவற்றுக்கும் ஆஜர் எடுத்துக்கொண்டிருந்தாள். பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டுத் திரும்பியவளுக்கு முகம் வெளிறிவிட்டது. அடிக்கத்தான் ஏறி வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

டீச்சர் அவள் பக்கத்தில் பாறையில் உட்கார்ந்தாள். "வகுத்தல் கணக்கு. கவனி" என்றாள். அந்த மத்தியானம் அங்கேயே வகுப்பு நடந்தது. அசைபோடுகிற சத்தத்துக்கு நடுவில் வாய்ப்பாடு ஓடியது. கிளம்பும்போது வெங்கடம்மாள் கேட்டாள்:

"டீச்சர், இன்னிக்கி நான் வந்தனா, நீங்க வந்தீங்களா?"

சம்பங்கிக்கு அன்று முழுக்க அந்தக் கேள்விதான். அதன்பிறகு அந்தப் பிள்ளையின் முறை வாரம் வந்தால், மத்தியானம் பள்ளிக்கூடம் மேலே ஏறும். சுழி எங்கே இறங்கி வருகிறது என்று பட்டியைப் பார்த்தாலே முறை எப்போது வரும் என்று தெரிந்துவிடும். கஷ்டமான பாடங்களைப் புங்கமரத்தடிக்கென்றே எடுத்து வைப்பாள். ஆனால் பட்டியில் மட்டும் அந்த நாட்களுக்குச் சுழிதான். பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வரவில்லையே, கோடு போட அவளுக்குக் கை வரவில்லை. மார்க்கு ஏறியது. சுழியும் ஏறியது. சித்திரை நெருங்கிக்கொண்டிருந்தது.

பங்குனியில் ஒரு மத்தியானம் நசருல்லா சாகிப் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. மேலிருந்து 'ஏழேழு நாப்பத்தொம்போது' என்று கேட்டது. மனுஷன் குடையை ஊன்றி, மூச்சு வாங்கி, முள்ளில் கோட்டைக் கிழித்துக்கொண்டு ஏறி வந்து சேர்ந்தார். வந்த வேகத்தைப் பார்த்து டீச்சர் சட்டென்று எழுந்து நின்றாள். வேலை போயிற்று என்றே நினைத்தாள். தன் வேலையைவிட, இவர் ஒரு கையெழுத்தில் வெங்கடம்மாளைக் காப்பித் தோட்டத்துக்கு அனுப்பிவிடுவாரே என்றுதான் பயந்தாள்.

சாகிப் பாறையில் உட்கார்ந்தார். வெங்கடம்மாளைக் கூப்பிட்டுக் கணக்குக் கேட்டார். போட்டாள். புத்தகத்தைக் கொடுத்தார். படித்தாள். நடுவில் ஒரு இடத்தில் தடுக்கி, தானே திருத்திக்கொண்டாள்.

"பட்டி எங்கே?"

பட்டி இன்னமும் தெரு வரிசையில்தான் இருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் சம்பங்கி முறை இறங்குகிற வழியை விரலால் காட்டினாள். எங்கே தாவுகிறது, ஏன் தாவுகிறது, களி, படி கேழ்வரகு எல்லாவற்றையும் தான் செய்த அவசரக் காரியத்தோடு சேர்த்துச் சொன்னாள். சாகிப்பின் விரலும் மெதுவாகச் சுழிகளின் மேல் நடந்து கடைசி வரிசையில் நின்றது.

"ஆள் கண்ணு முன்னால நிக்குது. இன்னிக்கும் சுழி போட்டிருக்கீங்களே?"

"பள்ளிக்கூடம் கீழ இருக்குதுங்க சார்."

"டீச்சர் இங்கே, பிள்ளைங்க இங்கே, பட்டி இங்கே. கீழே பூட்டுதானேம்மா இருக்குது?" என்றார் சாகிப். "இனிமே வகுப்பு எங்கே நடக்குதோ அங்கே பேரைக் கூப்பிட்டு அங்கேயே கோடு போடுங்க. போன சுழியை மட்டும் திருத்தாதீங்க. பொய்யில்லாத பட்டியை நான் அதிகம் பார்த்ததில்லை. காரணத்தை எழுதி அனுப்புங்க. வருகை குறைஞ்சதுக்கு மாப்புக் கொடுக்க எனக்கு அதிகாரம் இருக்கு. பரீட்சையில மட்டும் அவளேதான் தேறணும்." இறங்கப்போனவர் திரும்பி, "வகுப்புவாரிப் பட்டியும் ஒண்ணு எழுதுங்க. இதைக் கிழிச்சுடாதீங்க" என்றார்.

வெங்கடம்மாள் தேறினாள், நாலாம் வகுப்புக்கு. செய்தி சொல்லப் போனபோது வெள்ளையம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டாள். "ஏறிட்டாளா?" என்று மகளைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் முகம் மலர்ந்தது. பிறகு, "எங்கண்ணன் வரட்டும் டீச்சரம்மா, பாக்கலாம்" என்றாள். அவ்வளவுதான். அனுப்ப மாட்டேன் என்று சொல்லவில்லை.

கோடை லீவு. மைசூருக்கு ஜோலார்பேட்டை வழியாகத்தான் போக வேண்டும். அந்தப் பக்கம் போகிற ரயில் வந்தால் போதும், சம்பங்கி அடுப்பை அப்படியே போட்டுவிட்டு வேலிக்கு ஓடிவருவாள். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். ஒரு சாயங்காலம் தகரப் பெட்டியும் மூட்டையுமாக ஒரு கூட்டம் ஏறியது. உள்ளே சின்னப் பிள்ளைகளின் தலைகள். "காப்பித் தோட்டத்து ஆளுங்க" என்று போர்ட்டர் சொன்னான். ரயில் நகர்ந்தது. ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு ஜன்னலில் துணிக்கிழிசலால் பின்னலைக் கட்டிய ஒரு பெண்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தது. "வெங்கடம்மா!" என்று கத்தினாள். சக்கரச் சத்தத்தில் அது எங்கே கேட்கும்? அந்தத் தலை திரும்பவே இல்லை.

காட்டாற்றைத் தாண்டினால் ஊர். போய்ப் பார்த்து வந்திருக்கலாம். போகவில்லை. போய், இல்லை என்று தெரிந்துகொள்ள அவளுக்குத் தைரியம் வரவில்லை. திரும்பாத அந்தப் பின்னலையே நினைத்துக்கொண்டு மீதி லீவைக் கழித்தாள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. மழை பெய்து கரடு பச்சை பிடித்திருந்தது. புதுப் பட்டி, இந்தத் தடவை வகுப்புவாரி. பக்கத்திலேயே தெரு வரிசையிலும் ஒன்று. டீச்சர் தெரு வரிசைப் பட்டியைத்தான் எடுத்தாள். முதல் வீட்டிலிருந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். "உள்ளேன் டீச்சர், உள்ளேன் டீச்சர்" என்று தெரு இறங்கி வந்தது. ராமப்பன் மகனும் உள்ளேன் என்றான். கடைசி வரிசை வந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த இடம் காலியாக இருப்பது உள்ளே வரும்போதே தெரிந்துவிட்டது.

"வெங்கடம்மாள்."

பதில் இல்லை. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சம்பங்கி சிவப்பு மைக்கூட்டின் மூடியைத் திறந்தாள். கூப்பிட்டது கேட்டிருக்காதோ என்ற பைத்தியக்கார நினைப்பில், எழுந்து ஜன்னலுக்கு வந்து இன்னொரு தடவை கூப்பிட்டாள். இந்தத் தடவை தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

"வெங்கடம்மா!"

கரட்டின் மேலிருந்து மாட்டு மணிச் சத்தத்தோடு பதில் வந்தது.

"உள்ளேன் டீச்சர்!"

ராமப்பன் மகன் எழுந்து நின்று, "இன்னிக்கி எங்க வூட்டு முறைங்க டீச்சர்" என்றான்.

சம்பங்கி முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு மைக்கூட்டை மூடினாள். அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டாள். கோடு அங்கே போய்த்தான் போட வேண்டும். பட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மத்தியானம்வரைகூடக் காத்திருக்காமல் செருப்பை மாட்டினாள்.

"சிலேட்ட எடுத்துக்கங்க" என்றாள். "போலாம்."